இந்த வாரம் பிரித்தது

பராமரிப்புப் பணிக்காகக் காட்டூர்ப் பகுதியில் காலை ஒன்பதே முக்கால் முதல் மாலை நான்கு மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், போட்டபடி ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டது, மின்விசிறி கடைசியாக ஒரு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றதைப் பார்த்தபோது சற்குணத்துக்கு அற்பமாக ஒரு நிம்மதி வந்தது. கரண்ட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் அந்த மெயிலுக்குப் பதில் எழுத முடியாது. ஆனால் அந்த நிம்மதி மத்தியானச் சாப்பாட்டோடு செரித்துவிட்டது. இப்போது மணி இரண்டரை. ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், நான்கு மணிக்குக் கரண்ட் வந்துவிடும், அதன் பிறகும் ஒரு மணி நேரம் முழுசாக மிச்சம் இருக்கும், ஆகவே மின்வாரியம் தன்னைக் காப்பாற்றப் போவதில்லை. சனிக்கிழமை, ஸ்கேன் சென்டரில் அவருக்கு வார விடுமுறை. பால்கனிக் கதவோரம் வெளிச்சம் விழும் இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே பாதிக் கூடையை இடுக்கிக்கொண்டு, கிளிப்பச்சை வயரை வளைத்து, நுழைத்து, இழுத்து, அடுத்ததை வளைத்து, நுழைத்து, இழுத்து, வேண்டும் என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், இரண்டில் எதைச் சொன்னாலும் நாளைக் காலை எழுந்ததும் மற்றதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றத்தான் போகிறது. வயர் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குக் கீழே அறுத்தது. காலையிலிருந்தே அந்த இடத்தில்தான் அறுக்கிறது. விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு மறுபடி வளைத்தார். ஆறாவது சுற்று. ஒரு சுற்றுக்கு ஐம்பத்திரண்டு முடிச்சு.

இந்த வயரே அவர்களுடையதுதான். ஈரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு வயர் கம்பெனி, ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருபத்து நான்கு நிறத்தில் கூடை வயர் அனுப்பியிருந்தது, கூடவே மெயில். சற்குணம் எழுதும் வலைப்பூவுக்குத் தாங்கள் ஸ்பான்சராக இருக்க விரும்புவதாகவும், தீபாவளிக்குக் கூடை பின்னும் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவருவதாகவும், அந்தப் பெட்டியின் மூடியில் வலைப்பூவின் பெயரும் அவருடைய பெயரும் அச்சாகும் என்றும், அவருடைய வாசகர்களில் ஐம்பது பேருக்கு அந்தப் பெட்டி இலவசமாகப் போகும் என்றும் எழுதியிருந்தார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பதே முதலில் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது, அப்புறம் இரண்டாம் பக்கத்தில் அந்த ஒரு வரி வந்தபோது, அப்பாடா, இதோ இருக்கிறது என்று ஒருவகைத் திருப்திகூட வந்தது. ஸ்பான்சர் செய்யப்படும் பதிவுகளில் ‘இந்த வாரம் பிரித்தது’ என்ற பகுதி இடம்பெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ள வேண்டும், என்ன மரியாதையான வார்த்தை. வலைப்பூவின் பெயர் ‘பிரித்துக் கட்டு’. அதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பதிவு, ஒவ்வொரு பதிவின் அடியிலும் அந்த வாரம் தான் எங்கே தப்புச் செய்தார், எத்தனை சுற்றைப் பிரித்தார், ஏன், என்று ஒரு பத்தி, தப்பின் ஃபோட்டோவோடு. ஏழு வருஷமாக ஒரு வாரம்கூட அந்தப் பத்தி காலியாக இருந்ததில்லை. அதற்குக் காரணம் நேர்மை அல்ல, அவர் அவ்வளவு தப்புச் செய்பவர், அவ்வளவுதான்.

அவர் கற்றுக்கொண்ட விதம் அப்படி. ஊரெல்லாம் கை கால் உடைந்தவர்களைப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் ஸ்கூட்டரோடு விழுந்து தன் கணுக்காலையே மேஜைமேல் நீட்ட வேண்டியதாகிவிட்டது, ஆறு வாரம் மாவுக்கட்டு, வீட்டில் டிவியைப் பார்த்துப் பார்த்து டிவியே அவரைப் பார்த்துச் சலித்துப்போன ஒரு மத்தியானத்தில், மனைவி மேகலா பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பழைய வயர்க்கூடை அடி பிய்ந்து கிடந்ததை எடுத்து, இது எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு முடிச்சைப் பிரித்தார். பிறகு அடுத்ததை. சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது கூடை இல்லை, தரை முழுக்க நெளிநெளியாக நீல வயர். “உங்களுக்குக் கால்தானே உடைஞ்சுது?” என்று கேட்டாள். அதைத் திரும்பக் கட்ட அவருக்குப் பதினெட்டு நாள் ஆனது, கட்டி முடித்ததும் அது கூடை மாதிரியும் இல்லை, தொப்பி மாதிரியும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பின்னாலிருந்து முன்னால் போய்க் கற்றுக்கொண்டார். நெல்லிக்காய் முடிச்சைப் பிரிக்கும்போது எந்த இழை கடைசியாக விடுகிறதோ அதுதான் முதலில் போட்டது. இது தெரிந்தபோது வந்த சந்தோஷம், இருபத்தேழு வருஷ வேலையில் எந்த ஃபிலிமைப் பார்த்தும் வந்ததில்லை. சொல்ல ஆள் வேண்டியிருந்தது, மேகலா இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை விசிலை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டாள், பி.டி. டீச்சருக்கு அதற்குமேல் பொறுமை எதிர்பார்க்கக்கூடாது. அப்படித்தான் வலைப்பூ. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஏழாவது சுற்று ஆரம்பம். கீழே தெருவில் பழைய பேப்பர்க்காரனின் ஒலிபெருக்கி, பழைய இரும்பு, பழைய மிக்சி, பழைய கிரைண்டர், பேட்டரி என்று வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டு போனது. அவன் வரிசையில்கூட ஒன்று விடுவதில்லை.

“ஜஸ்ட் அந்த ஒரு பாராதான் சார்,” என்றாள் வைஷாலி, வியாழக்கிழமை ஃபோனில். கம்பெனியின் விளம்பர வேலையைப் பார்க்கும் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், குரலில் எப்போதும் யாரோ பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவது போல ஒரு வேகம். “சார், நான் உங்க ஃபேன் சார். சத்தியமா சொல்றேன். எங்க அம்மா உங்களப் படிச்சுத்தான் சிவன்கண் கூடை போடுறாங்க. ஆனா பெட்டிய வாங்குறவங்க மொதப் பதிவுலயே தப்பு, பிரிச்சேன், அறுந்துச்சுன்னு படிச்சா என்ன சார் நெனப்பாங்க? நம்ம வயர் சரியில்லன்னு நெனப்பாங்கள்ல?” நம்ம வயர். அந்த நம்ம எப்போது வந்தது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள், “சனிக்கிழம அஞ்சு மணிக்கு மூடி அச்சுக்குப் போவுது சார், அதுக்குள்ள ஓக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை,” என்று வைத்துவிட்டாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். கல்யாணத்துக்கும் அதையேதான் சொன்னார், மேகலா வீட்டில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பந்தக்கால் நட்டுவிட்டார்கள். அதில் நஷ்டம் ஒன்றும் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதானால், இப்போது இங்கே யாரும் கேட்கவில்லை, விரல் மட்டும்தான் எரிகிறது, உண்மையைச் சொல்வதானால் அந்த மூடியை அவர் நினைத்துப் பார்த்துவிட்டார். நினைத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை, எந்த எழுத்தில் இருக்கும், பெயர் மேலே வருமா கீழே வருமா, திருச்சியில் பெரிய கடைவீதிக் கடைகளில் அது வாசலில் அடுக்கியிருக்குமா உள்ளே இருக்குமா என்பதுவரை போய்விட்டார். ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் பெண் அவரைக் கூடைக்கார சார் என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்கிறாள், ஒரு தடவை முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், இவர் சிரித்தார். அந்தப் பெண்ணின் மேஜையில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேசாமல் எக்ஸ்ரே ரூமுக்குள் போய்விட வேண்டும். ஐம்பத்திரண்டு வயசுக்கு மேல் வருகிற ஆசையா இது. வருகிறதே.

ஆசை மட்டும் என்றால் தள்ளிவிடலாம். தள்ள முடியாத இடத்தில் ஞானசௌந்தரி இருந்தாள். கூடலூர், ஞானசௌந்தரி, வலைப்பூவின் வாசகி, வயசு தெரியாது, முகம் தெரியாது. பக்கவாதம் வந்து இடது கையில் மூன்று விரல் சொன்னபடி கேட்பதில்லை, டாக்டர் பந்தைப் பிசையச் சொன்னார், பந்தைப் பிசைந்தால் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் பதிவைப் பார்த்து வயர் வாங்கினேன் அண்ணா என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை எழுதினாள். ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. பிறகு இரண்டு. ஒரு தடவை நாலு முடிச்சுப் போட்டுவிட்டு ஊருக்கே சொல்கிறவள் மாதிரி ஆச்சரியக்குறியாகப் போட்டுத் தள்ளியிருந்தாள். இன்னொரு தடவை எழுதியதுதான் அவருக்குள் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. “அண்ணா, நான் உங்க பதிவை மேலேர்ந்து படிக்க மாட்டேன். நேரா கடைசிக்குப் போயிடுவேன். நீங்க என்ன பிரிச்சீங்கன்னு பாத்துட்டுத்தான் மத்தது. நீங்க நிறையப் பிரிச்ச வாரம் எனக்கு நிம்மதியான வாரம்.” அடுத்தவன் தப்பில் நிம்மதி அடைகிற ஒரு ஜீவன் என்று அன்றைக்குச் சிரித்தார், சிரித்துவிட்டு அந்த வாரம் வேண்டுமென்றே ஒரு தப்பைக் கூடச் சேர்த்து எழுதலாமா என்று நினைத்தார், தேவைப்படவில்லை. சரி, அந்தப் பத்தி போய்விட்டால் அவள் எங்கே போய்ப் படிப்பாள். ஆனால் அதே ஞானசௌந்தரிதான் போன மாசம் எழுதினாள், இங்கே கடையில் இரண்டு நிறம்தான் கிடைக்கிறது, குளிருக்கு வயர் கம்பி மாதிரி விறைத்துப்போய் வளைத்தால் ஒடிகிறது, மூன்று விரலை வைத்துக்கொண்டு நான் இதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று. ஐம்பது பெட்டியில் முதல் பெட்டி அவளுக்குத்தான். இருபத்து நான்கு நிறமும் பிரித்து வைத்து அவள் பார்க்கும் பார்வையை அவர் முகம் இல்லாமலே பார்த்துவிட்டார். ஆக, வேண்டும் என்று சொன்னால் அவளுக்கு வயர் கிடைக்கும், பத்தி கிடைக்காது. வேண்டாம் என்றால் பத்தி கிடைக்கும், வயர் கிடைக்காது. பாதிக்கு மட்டும் என்கிறார்கள், ஸ்பான்சர் பதிவில் மட்டும்தானே, மாசம் இரண்டு பதிவுதானே, மற்ற இரண்டில் எழுதிக்கொள்ளலாமே. எழுதலாம். இந்த வாரம் தப்பே செய்யாத மனிதர் அடுத்த வாரம் தப்புச் செய்வார், அதற்கடுத்த வாரம் மறுபடி சுத்தம், யாருடைய வயர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து.

இந்த இடத்துக்கு வந்தால் அடுத்து எங்கே போகும் என்று தெரியும், எட்டு நாளாக இதே தடத்தில் போய்ப் போய்ப் பள்ளமாகிவிட்டது, ஆனாலும் மனசு தானாக அங்கேதான் இறங்கியது. பிச்சைமுத்து. பத்தொன்பது வருஷம் இருக்கும், இப்போது இருக்கும் இடம் இல்லை, வேறொரு ஆஸ்பத்திரி, அது இப்போது இல்லவும் இல்லை. லாரி டிரைவர், வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, லோடு கயிறு இழுக்கும்போது சுளுக்கிக்கொண்டது என்றார். மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், சார், ஒண்ணும் இல்லன்னு வந்தாத்தான் முதலாளி நாளைக்கு வண்டி குடுப்பாரு, உடைஞ்சிருந்தா வேற ஆளப் போட்டுருவாரு, வடக்க லோடு ஏத்திப் போற நட சார், பாத்து எடுங்க என்றார். பாத்து எடுங்க. கையை நேராக வைத்து ஒன்று, சாய்த்து வைத்து ஒன்று எடுக்க வேண்டும், மணிக்கட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் சாய்த்து வைத்ததில்தான் தெரியும். சற்குணம் நேராக வைத்து ஒன்றே ஒன்று எடுத்தார். பொய் எதுவும் சொல்லவில்லை. ஃபிலிமில் இருந்தது அத்தனையும் நிஜம். டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எலும்பு நல்லா இருக்கு என்றார், பிச்சைமுத்து போகும்போது கும்பிட்டார், கும்பிடுவதற்கு வலது கை சரியாக எழும்பவில்லை. ஒன்றரை மாசம் கழித்து வந்தார், மணிக்கட்டு வெந்த வள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது. திட்டுவார் என்று நின்றார் சற்குணம். “நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நாந்தான கேட்டேன்,” என்றார் அவர். வண்டி ஓட்டினாரா, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்ததா, தெரியாது, அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு கூடைக்கும் ஒரு மனிதனுடைய கைக்கும் சம்பந்தம் இல்லை, அவருக்குத் தெரியும், கூடையில் ஒரு முடிச்சு விட்டுப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, நாலு வெங்காயம் கீழே விழும். இருந்தாலும் எட்டு நாளாக அந்தக் கும்பிடு வந்து வந்து போகிறது, எழும்பாத அந்தக் கை. கேட்டவருக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுவது. இழு, வளை, நுழை. வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது.

“ஏங்க, டீ போட்டா குடிப்பீங்களா, இல்ல அதையும் யோசிச்சுச் சொல்வீங்களா?” மேகலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் விசிறிக்குப் பதிலாக மாணவிகளின் அட்டெண்டன்ஸ் அட்டை. “குடிக்கிறேன்,” என்றார். அவள் போகாமல் நின்று பார்த்தாள். முதுகை வளைத்து உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது, வந்து தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். “எட்டு நாளா பாக்கறேன். சாப்பிடும்போது உதடு அசையுது. நேத்து குளிக்கும்போது யார்கிட்டயோ நன்றி, ஆனால் அப்டின்னீங்க. என்னதான் முடிவு?” “அதான் புரியல. ஒத்துக்கிட்டா அந்தப் பத்தி போயிடும். ஒத்துக்கலன்னா வயர் போயிடும். அந்தக் கூடலூர் பொண்ணு...” “நிறுத்துங்க. அந்தப் பத்தி இருக்கட்டும், வயரும் குடுங்கன்னு கேட்டீங்களா?” சற்குணம் கையில் இருந்த வயரைப் பார்த்தார். “அவங்கதான் கூடாதுன்னு எழுதியிருக்காங்களே.” “எழுதுவாங்க. எங்க ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே கிடையாதுன்னு வருஷா வருஷம் சர்க்குலர் வருது, வருஷா வருஷம் நான் போய்க் கேக்கறேன், வருஷா வருஷம் நடக்குது. நீங்க கேட்டீங்களா, இல்லியா?” “கேக்கல.” “எட்டு நாளா?” “எட்டு நாளா.” மேகலா அட்டெண்டன்ஸ் அட்டையால் தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். “உங்களப் போயி ஒருத்தன் விளம்பரத்துக்குக் கூப்பிடறான் பாருங்க,” என்று சமையலறைக்குப் போனாள், அங்கிருந்து, “கூடை ஏன் அந்தப் பக்கம் சாயுது?” என்றாள்.

சாயவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர் கூடையை முழங்காலிலிருந்து விடுவித்துத் தரையில் வைத்தார். சாய்ந்தது. கொஞ்சமாக, ஒரு தோளை மட்டும் இறக்கி நிற்கும் ஆள் மாதிரி. திருப்பி வைத்தார், இப்போது இந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூலைமூலையாக விரலால் தடவிக்கொண்டே வந்தார், இருபத்தேழு வருஷம் விரிசல் தேடிய கண், மூன்றாவது மூலையில், முதல் சுற்றில், இரண்டு முடிச்சுக்கு உரிய வயரைச் சேர்த்துப் பிடித்து ஒரே முடிச்சாகப் போட்டிருந்தது தெரிந்தது. அப்படியானால் முதல் சுற்றில் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு என்று எண்ணியிருக்கிறார், இல்லாத ஒரு முடிச்சையும் சேர்த்து. எதை எண்ணினார்? மூடியில் இருந்த எழுத்துகளை எண்ணியிருக்க வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆறு சுற்றையும், ஏழாவதில் போட்டவரைக்கும், பிரிக்க வேண்டும், முந்நூறு முடிச்சுக்கு மேல். பழைய குடைக்கம்பி ஒன்றைத் தேய்த்து முனையாக்கி வைத்திருந்தார், அதை எடுத்துக் கடைசி முடிச்சின் வயிற்றில் குத்தி நெம்பினார், முடிச்சு இளகியது, இழையை இழுத்தார், வந்தது. ஒரு வினோதம், பிரிக்க ஆரம்பித்ததும் எட்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. பின்னும்போதுதான் யோசனை வரும், பிரிக்கும்போது வராது, பிரிக்கும்போது கை அடுத்தது எது என்று மட்டும் கேட்கும். இந்த வயர் நல்ல வயர், அதைச் சொல்ல வேண்டும், பிரித்தால் வெளிறவில்லை, முடிச்சு இருந்த இடத்தில் வளைவுதான் இருக்கிறது, வெந்நீரில் போட்டால் பாதி போய்விடும். மொட்டைமாடியில் எட்டு நாள் வெயிலில் கட்டிப்போட்டிருந்த துண்டிலும் நிறம் இறங்கவில்லை. ஒரு ஓரம் மட்டும் கூராக இருக்கிறது. மஞ்சளிலும் சிவப்பிலும் பார்த்தார், இல்லை, இந்தக் கிளிப்பச்சையில் மட்டும், ஒரே ஓரத்தில், நகத்தை வைத்து இழுத்தால் சிம்பு மாதிரி தட்டுகிறது. மூலை தப்பு என்னுடையது. விரல் வெட்டு உன்னுடையது. ஞானசௌந்தரியின் மூன்று விரலும் மரத்துப்போயிருந்தால் அறுப்பதுகூடத் தெரியாதே என்று தோன்றியபோது அவர் கை நின்றது. பத்தி வேண்டுமா வயர் வேண்டுமா என்று எட்டு நாளாக இரண்டு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாரே, இரண்டும் ஒரே தட்டு. அந்தப் பத்தி இல்லாமல் இந்தப் பெட்டி அவளிடம் போகக்கூடாது. போனால் மறுபடியும் ஒரே ஒரு ஃபிலிம்.

டீ வந்தது, ஆறியது. மூன்றாவது மூலை மட்டும் தெரியும்படி பாதி பிரித்த கூடையை வெளிச்சத்தில் வைத்து ஒரு ஃபோட்டோ எடுத்தார், பிறகு கோணத்தை மாற்றிச் சாய்வாக வைத்து இன்னொன்று, பழக்கம். ஆள்காட்டி விரலை நீட்டி ஒன்று. ஃபோனில் சார்ஜ் பதினோரு சதவீதம், போதும். கம்ப்யூட்டர் எதற்கு, கரண்ட் எதற்கு, இத்தனை நேரம் எதற்காகக் காத்திருந்தோம் என்று நினைத்தபடி நின்றுகொண்டே வைஷாலிக்குத் தட்டினார், அறுபட்ட விரல் எரிந்ததால் இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. உங்கள் வயரில் நான் போட்ட முதல் கூடை இது. ஆறு சுற்றுக்கு மேல் போய்ப் பிரித்தேன். முதல் ஃபோட்டோவில் இருப்பது என் தப்பு. விரலில் இருப்பது கிளிப்பச்சையின் தப்பு, மற்ற நிறங்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டையும் எழுதுவேன், நன்றாக இருப்பதையும் எழுதுவேன். ‘இந்த வாரம் பிரித்தது’ எல்லாப் பதிவிலும் இருக்கும். இப்படியே சரி என்றால் மூடியில் என் பெயரைப் போடுங்கள், ரொம்ப சந்தோஷப்படுவேன். இல்லை என்றால் மிச்ச வயரைத் திருப்பி அனுப்புகிறேன். ரொம்ப சந்தோஷப்படுவேன் என்பதை அழிக்கலாமா என்று பார்த்தார். உண்மைதானே, இருக்கட்டும் என்று அனுப்பினார். மணி மூன்றே முக்கால். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிற மாதிரி உட்கார்ந்து இரண்டாவது சுற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான்கு மணிக்குப் பேப்பரில் போட்டபடி கரண்ட் வந்தது, மின்விசிறி சுற்றி வயர்த் துண்டுகளைச் சுவரோரம் தள்ளியது, மேகலா ஃப்ரிட்ஜின் சார்பில் மின்வாரியத்துக்கு நன்றி சொன்னாள். நாலரை. நாலே முக்கால். பதில் இல்லை. அப்படியானால் இல்லைதான். பரவாயில்லை, என்று சொல்லிப் பார்த்தார், முழுசாகப் பரவாயில்லை என்று ஆகவில்லை, மூடியின் எழுத்துகள் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின, ஆனால் பிச்சைமுத்து வரவில்லை. பார்த்தார், வரவில்லை.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். “வணக்கமுங்க. சற்குணம் சாருங்களா? நான் நாச்சிமுத்துங்க, கம்பெனிக்காரன்.” பின்னால் இயந்திரச் சத்தம், அதற்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல். “அந்தப் புள்ள உங்க விரல் ஃபோட்டோவக் கொண்டாந்து காட்டுச்சுங்க. எந்தப் பக்கமுங்க வெட்டுது, முடிச்சு இழுக்கறப்பவா, நொழைக்கறப்பவா?” “இழுக்கும்போது. ஒரே ஓரம்தான். கிளிப்பச்சை மட்டும்.” “ஒரே ஓரம்,” என்றார் அவர், யாருக்கோ திரும்பி, “ஏப்பா, பச்ச வயரு இழுக்கறதுக்குப் புது அச்சு எப்பப் போட்டோம்?” என்றார், பதில் சத்தத்தில் கேட்கவில்லை. “சார், அந்த வயருல ஒரு ரெண்டு முழம் வெட்டி அனுப்பி வைங்க. அச்சுல பிசிறு இருக்கோணும். எத்தன கடைக்குப் போயிருச்சோ தெரியலீங்க, ஒருத்தரும் சொல்லல பாருங்க.” சற்குணம் தொண்டையைச் செருமினார். எட்டு நாள் கழித்து, மேகலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கேட்டார். “அந்தப் பத்தி?” “அந்தப் புள்ளைக்கு அது வேண்டாமுங்க. எனக்கு இன்னும் வெளங்கலீங்க, வித்துடலாம்னு நம்பிப் பணத்தப் போட்டவன் பயப்படத்தானே செய்வேன். நேர்லயே வர்றேன், திங்கக்கிழம வீட்ல இருப்பீங்களா? அச்சாபீசுக்குச் சொல்லிட்டேன், மூடி நாலு நாளு நிக்கட்டும்னு. பச்சையச் சரி பண்ணாம பெட்டி போவாதுங்க.” வைக்கப்போனவர், “அந்த மூலை,” என்றார், “ரெண்டச் சேத்துப் போட்டிருக்கீங்கல்ல. எங்க வூட்டுக்காரியும் அதே மூலையிலதான் விடுவா.” திங்கட்கிழமை டூட்டி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். “யோசிச்சு...” என்று ஆரம்பித்துவிட்டார் சற்குணம், மேகலாவின் முகத்தைப் பார்த்தார். “இருப்பேன், வாங்க,” என்றார். கரண்ட் வந்தும் சார்ஜ் போட மறந்திருந்த ஃபோன் நாலு சதவீதத்தில் அணைந்தது. பிரித்த பச்சை வயரை இரண்டு முழம் அளந்து, கூரான ஓரம் எது என்று பேனாவால் புள்ளி வைத்து, ஒரு கவரில் போட்டார். பிறகு தரையில் கிடந்த அடியை எடுத்து முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கிளிப்பச்சையைத் தள்ளிவிட்டு மஞ்சளை இழுத்து, முதல் சுற்று, முதல் மூலையிலிருந்து, இந்தத் தடவை வாய்விட்டு, எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.